தேரையாக்கப்பட்ட கோமாளி: லாம்டாமூ, 1993

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தரைக்கு மேல் ஒருவரிடமிருந்து செய்தி வரும். “சும்மா ஒரு சந்தேகம்” என்று ஆரம்பிப்பார். தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்பது சந்தேகம். ரசீதைப் படம் எடுத்துப் போட்டால், தேதி ஏன் பேனாவால் திருத்தப்பட்டிருக்கிறது என்பார். விளக்கினால், விளக்குகிறவருக்கு மட்டும் இரண்டு கார் நிறுத்த இடம் எப்படி வந்தது என்பார். பதினொன்றரைக்குள் மூன்று பேர் குழுவை விட்டே போயிருப்பார்கள். அவர் “நான் கேள்விதானே கேட்டேன்” என்று கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

மூன்று அட்மின்களில் நானும் ஒருவன். அவரை நீக்கச் சொல்லிப் பாதிப்பேர் நச்சரிக்கிறார்கள். நீக்கினால் ‘கணக்குக் கேட்டவனை வெளியே தள்ளிவிட்டார்கள்’ என்று பேர் வரும் என்கிறார்கள் மீதிப்பேர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. இந்தப் பஞ்சாயத்துக்கு நடுவில்தான் 30 வருடங்களுக்கு முந்தைய ஒரு விவகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் பாலியல் வன்முறை பற்றிய பேச்சு உண்டு. தேவைக்கு மேல் விவரிக்கப் போவதில்லை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘ட்ரோல் பண்றாங்க’ என்று இன்று தமிழில் சொன்னால், ஒரு நடிகரையோ அரசியல்வாதியையோ மீம் போட்டுக் கலாய்ப்பது என்று பொருள். இணையக் குழுக்களில் அந்தச் சொல் புழங்கத் தொடங்கிய காலத்தில் அதற்குப் பின்னால் இருந்தது மீன்பிடித் தொழில். ஓடும் படகுக்குப் பின்னால் இரை கட்டிய தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே போவதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் பழையவர்கள் வேண்டுமென்றே ஒரு அரதப்பழசான கேள்வியைப் போட்டு, எந்தப் புது ஆள் ஓடிவந்து கவ்வுகிறான் என்று பார்ப்பார்கள். நம்மிடம் இதற்கு ஏற்கெனவே அச்சான சொல் இருக்கிறது: வம்புக்கு இழுப்பது. நான் இங்கே வம்பன் என்றே சொல்லப் போகிறேன்.

எழுத்தால் கட்டிய வீடு

நான் சொன்ன அந்த விவகாரம் நடந்த இடம் லாம்டாமூ, பலர் ஒரே நேரத்தில் நுழைந்து எழுத்திலேயே பேசிப் பழகிய ஓர் இணைய உலகம். அது 1990-இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினியில் அது ஓடியது. நடத்தியவர் அங்கே வேலை பார்த்த பாவெல் கர்டிஸ். படம் கிடையாது, ஒலி கிடையாது, எல்லாம் எழுத்து. உள்ளே நுழைந்தால் ஒரு பெரிய வீட்டின் கோட் மாட்டும் அலமாரிக்குள் நிற்பதாகத் திரையில் ஒரு பத்தி வரும். கதவைத் திறந்தால் வரவேற்பறை. அங்கே கணப்பு உண்டு, சோபா உண்டு, பேசும் கிளி ஒன்று உண்டு, பேச்சுக்கு எப்போதும் ஆட்கள் உண்டு. கர்டிஸ் தன் சொந்த வீட்டை மனத்தில் வைத்துத்தான் அந்த அமைப்பை எழுதினார். அதைச் சுற்றி மற்றவர்கள் அறை அறையாகக் கட்டிக்கொண்டே போனார்கள்.

அங்கே பேச்சு எப்படி நடந்தது என்பது தெரிந்தால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும். ஒரு சிறு குறியைத் தட்டி, அதன் பின்னால் ‘சிரிக்கிறார்’ என்று எழுதினால், அறையில் இருக்கும் எல்லோர் திரையிலும் உங்கள் பெயரோடு சேர்ந்து ‘இன்னார் சிரிக்கிறார்’ என்று வரும். பெயரை நீங்கள் எழுதுவதில்லை, இயந்திரம் போட்டுக்கொள்ளும். ஆகவே ஒரு வரியின் தொடக்கத்தில் ஒருவர் பெயர் இருந்தால், அதைச் செய்தவர் அவர்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் அந்த வீடே நின்றது.

நிரல் எழுதத் தெரிந்த எவரும் அங்கே பொருள்களை உருவாக்கலாம். யாரோ ஒரு விளையாட்டுப் பிள்ளை உருவாக்கியது ‘பில்லி சூனியப் பொம்மை’. அது செய்த வேலை ஒன்றே ஒன்று: இன்னொருவர் பெயரில் தொடங்கும் வரியை, அவர் சம்மதம் இல்லாமல், எல்லோர் திரையிலும் வரவழைக்கும். இன்றைக்குப் போலி ஸ்கிரீன்ஷாட் செய்கிற வேலை. வேடிக்கைக்காகத்தான் பெரும்பாலும் பயன்பட்டது.

ஆள்வோர் பற்றி ஒரு வார்த்தை. கணினியின் முழு அதிகாரம் கையில் இருந்த சிலரை அங்கே மந்திரவாதிகள் என்று அழைத்தார்கள். சண்டை சச்சரவு வந்தால் அவர்கள்தான் தீர்த்துவைத்தார்கள். கூட்டம் பெருகப் பெருக அது முடியாமல் போனது. 1992 டிசம்பரில் கர்டிஸ் ஒரு அறிவிப்புப் போட்டார். இனி மந்திரவாதிகள் தொழில்நுட்பப் பணியை மட்டும் பார்ப்பார்கள். சமூக விவகாரங்களில் தலையிட மாட்டார்கள். உங்கள் வழக்குகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு அதில் வழி எதுவும் இல்லை. வாட்ஸ்அப் அட்மினாக இருக்கும் எவருக்கும் அந்த அறிவிப்பின் பின்னால் இருக்கும் பெருமூச்சு கேட்கும். எனக்குக் கேட்டது.

அந்தத் திங்கள் இரவு

1993 மார்ச். திங்கட்கிழமை, அங்கத்திய நேரப்படி இரவு 10 மணி வாக்கில் மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஒருவன் வரவேற்பறைக்குள் வந்தான். தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்த விவரிப்பின்படி, அருவருப்பான உடை உடுத்திய பருத்த கோமாளி. கையில் அந்தப் பொம்மை. அங்கிருந்த லெக்பா என்பவர் பெயரில் முதலில் வரிகள் வரத் தொடங்கின. லெக்பா பங்கிளுக்கு இணங்கிப் பாலியல் செயல்களில் ஈடுபடுவதாக.  பங்கிளை அறையை விட்டு விரட்டினார்கள். அவன் வேறெங்கோ இருந்துகொண்டு பொம்மையைத் தொடர்ந்து இயக்கினான். வரவேற்பறையில் வரிகள் வந்துகொண்டே இருந்தன, இப்போது ஸ்டார்சிங்கர் என்பவர் பெயரிலும், தன் உடலைத் தானே கொடூரமாகத் துன்புறுத்திக்கொள்வதாக. கடைசியில் ஸிப்பி என்ற பழைய ஆள் ஒருவர் வந்து, தன்னிடம் இருந்த ஒரு கருவியால் அவனைக் கூண்டுக்குள் அடைத்து வாயைக் கட்டியபோதுதான் நின்றது.

இங்கே ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும், அன்றைக்கும் வந்தது. ஒரு கட்டளை தட்டி அவனை மியூட் செய்திருக்கலாமே? லாம்டாமூவில் அந்த வசதி இருந்தது. ஒருவர் எழுதுவது உங்கள் திரையில் வராமல் நீங்களே தடுத்துக்கொள்ளலாம். ஆனால் தடுத்துக்கொண்டால் உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் உங்கள் பெயரில் வருவதை வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

‘வம்பனுக்குத் தீனி போடாதே’ என்ற பழைய அறிவுரை முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பதில் ஒன்றையே இரையாகத் தின்று வாழ்கிறவனுக்கு மௌனம் பட்டினிதான். ஆனால் அடுத்தவர் முன்னால் ஒருவரின் பெயரை நாசம் செய்கிறவனுக்கு உங்கள் பதில் தேவையே இல்லை, பார்வையாளர் போதும். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் பல குழுக்கள் கெட்டுப்போகின்றன.

என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை

மறுநாள் லெக்பா, சமூக விவகாரங்களுக்கான பொதுப் பட்டியலில் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். கட்டுப்பாடுகள் போட்டால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் என்று தான் நம்புவதாக ஒரு வரி. அடுத்த வரியில் பங்கிள் மீது கொதிக்கும் வசை. கொள்கையும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், எதைக் கேட்கிறேன் என்று தனக்கே நிச்சயமில்லை என்றும் எழுதியிருந்தார். அதை எழுதும்போது, எங்கோ சியாட்டிலில், உண்மையான கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததாகப் பிற்பாடு ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். ஜூலியன் டிபெல் என்ற அந்தப் பத்திரிகையாளர் நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் 1993 டிசம்பரில் இதை நீளமாக எழுதியதால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

அதற்கடுத்த நாள் லெக்பாவுக்குத் தெளிவு வந்துவிட்டது. பங்கிளைத் தேரையாக்க வேண்டும் என்றார்.

தேரையாக்குவது பழைய விளையாட்டுகளிலிருந்து வந்த வழக்கு. மந்திரவாதி கோபித்துக்கொண்டால் ஆளைத் தேரையாக மாற்றிவிடுவார். லாம்டாமூவில் அதற்கு அர்த்தம் வேறு: கணக்கே அழிந்துவிடும். பெயர், விவரிப்பு, கட்டிய அறை, சேர்த்த பொருள் எல்லாம் போய்விடும். அங்கத்திய மரண தண்டனை அது. நம் ஊரில் தேரை விழுந்த தேங்காய் என்போம், ஓடு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதில் நேர்மாறு: ஓடு போய்விடும், உள்ளே இருந்தவன் எங்கோ ஒரு விசைப்பலகைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

கூட்டம்

சம்பவம் நடந்து மூன்றாம் நாள் மாலை, ஓர் அறையில் பெரிய கூட்டம் கூடியது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் கூட்டம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சட்டக்காரர்கள் எழுந்தார்கள். இதைச் செய்யக் கூடாது என்று இங்கே எந்த விதியும் இல்லையே, இல்லாத சட்டத்தை மீறினான் என்று எப்படித் தண்டிப்பது? முதலில் சட்டமும் வாக்கெடுப்பும் வரட்டும் என்றார்கள். ராஜ விசுவாசிகள் இருந்தார்கள்: மந்திரவாதிகள் பழையபடி அரியணையில் உட்கார்ந்தால் இந்தப் பாடே இல்லை. தொழில்நுட்பத்தை நம்பியவர்களுக்கு இது இரைச்சல் மாதிரி, வடிகட்டி இருக்கிறது, போட்டுக்கொண்டு போங்கள். அராஜகவாதிகள் பாடுதான் திண்டாட்டம். பங்கிள் ஒழிய வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒழிப்பதற்கு ஓர் அதிகாரம் வேண்டும், அதைத்தான் அவர்கள் எதிர்க்கிறார்கள். இந்த நாலு தரப்பும் எங்கள் குடியிருப்புக் குழுவில் அப்படியே இருக்கின்றன. ‘பைலா என்ன சொல்கிறது’ என்று கேட்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகூட இருக்கிறார்.

நடுவில் பங்கிளே வந்தான்.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். அது ஓர் உளவியல் உத்தி, இது நிஜ வாழ்க்கை அல்லாததால் விளைவு இன்னும் கூடியது, தன் நிஜ வாழ்க்கைக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை என்கிற தோரணையில் பதில் வந்தது. ‘சும்மா ஒரு சந்தேகம்’ என்ற குரலுக்கு இது அண்ணன். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. உங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தேன், அவ்வளவுதான். பிறகு போய்விட்டான். மணிக்கணக்கில் பேசியும் கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது.

ஜோஃபீட்பேக் என்ற மந்திரவாதி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையிடக் கூடாது என்ற உத்தரவு அவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஊரில் பெரும்பாலோர் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது, முடிவுக்கு வர அவர்களிடம் வழி இல்லை என்பதும் புரிந்திருந்தது. அன்றிரவே, தனியாக, யாரிடமும் சொல்லாமல், கட்டளையைத் தட்டினார். மிஸ்டர் பங்கிள் என்று ஒரு கணக்கு அதன்பின் இல்லை.

நான் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. வேறு யாராலும் முடியாத வேலை, வேறு வழியும் இல்லை. ஆனால் தண்டனையின் நியாயம் தண்டித்தவரின் நல்ல மனசை நம்பித்தான் நின்றது. அடுத்த முறை அதே கட்டளை வேறொரு மந்திரவாதியின் விரலில் இருக்கும். அவருக்குப் பிடிக்காத ஒருவன் ரசீது கேட்டிருப்பான்.

வெளியூர் போயிருந்த கர்டிஸ் திரும்பி வந்து பார்த்ததும், டிசம்பரில் தான் விட்டுப்போன ஓட்டை எது என்று கண்டுகொண்டார். மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். யார் வேண்டுமானாலும் மனு போடலாம்; போதுமான கையெழுத்து சேர்ந்தால் பொது வாக்கெடுப்புக்கு வரும்; மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் மந்திரவாதிகள் நிறைவேற்றியாக வேண்டும். தொல்லை தரும் விருந்தினர் கணக்கைச் சாதாரண உறுப்பினரே துண்டிக்கும் கட்டளை அந்த வழியில்தான் வந்தது. சச்சரவுகளைத் தீர்க்க நடுவர் முறையும் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. கொஞ்ச நாளில் டாக்டர் ஜெஸ்ட் என்று ஒரு புது ஆள் வந்தான். பங்கிள் நுழைந்த அதே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வழியாக, அதே கை. பழையவர்கள் சீக்கிரமே அடையாளம் கண்டுகொண்டார்கள். அழித்தது பெயரைத்தானே. இன்றைக்கு ஒரு புது சிம் கார்டு வாங்குகிற மாதிரி.

வாக்கெடுப்பு முறையும் நிலைக்கவில்லை. மனுவுக்கு எதிர்மனு, நடுவருக்கு எதிராக நடுவர் என்று வழக்காடுவதே சிலருக்கு முழுநேரப் பொழுதுபோக்கு ஆனது. வம்பனுக்கு எதிராகக் கட்டிய மன்றமே வம்பு வளர்க்கும் இடமாகப் போனது. 1996 மே மாதம் மந்திரவாதிகள் இன்னொரு அறிவிப்புப் போட்டார்கள். தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்கவே முடியாது, இத்தனை காலமும் நாங்கள் சமூக முடிவுகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தோம், இனி அதை ஒளிக்காமல் எடுப்போம் என்றார்கள். மூன்றரை வருடத்தில் ஒரு முழுச் சுற்று.

கோமாளிக்குள் எத்தனை பேர்

பல வருடம் கழித்து வெளிவந்த ஒரு விவரம் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்தத் திங்கள் இரவு பங்கிளின் விசைப்பலகையைச் சுற்றி ஒருவன் மட்டும் இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கூடி நின்று, ‘இதைச் செய், அதைச் செய்’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தட்டச்சு செய்தவன் ஒருவன், வக்கிரம் பலருடையது. அந்த மாணவர்கள் ஒவ்வொருவராகத் தனியே அந்த வரவேற்பறைக்குள் வந்திருந்தால் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பேசிவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு ஒத்துப்போகும் ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 667 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். சிலருக்கு எளிதான புதிர்கள், சிலருக்கு எரிச்சலூட்டும் கடினமான புதிர்கள். அப்புறம் ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்கு முன்னால் ஏற்கெனவே வம்புக் கருத்துகள், சிலருக்கு நல்ல கருத்துகள். மனநிலையும் நன்றாக இருந்து சூழலும் நன்றாக இருந்தவர்களில் 35 சதவீதம் பேர் வம்பாக எழுதினார்கள். இரண்டும் கெட்டிருந்தவர்களில் 68 சதவீதம். அதே ஆய்வில் ஒரு செய்தித் தளத்தின் கருத்துப் பகுதியையும் அலசினார்கள்; வம்பு அதிகமாவது இரவு நேரத்திலும், வாரத்தில் திங்கட்கிழமையிலும். பங்கிள் வந்தது திங்கள் இரவு என்பது தற்செயல்தான், இருந்தாலும் குறித்து வைத்துக்கொண்டேன்.

இதற்காக எல்லா வம்பனும் களைத்துப்போன நல்லவன் என்று ஆகிவிடாது. திட்டமிட்டு வருகிறவர்கள் உண்டு. சூசன் ஹெர்ரிங்கும் அவர் சகாக்களும் 2002-இல் ஒரு பெண்ணிய விவாதக் குழுவில் நடந்ததை ஆராய்ந்து எழுதினார்கள். வந்தவன் அந்தக் குழுவின் சொந்த விழுமியத்தையே ஆயுதமாக்கினான்: ‘எல்லோர் குரலுக்கும் இடம் என்கிறீர்களே, என்னை ஏன் அடக்குகிறீர்கள்?’ நல்ல கொள்கை உள்ள குழுவைத்தான் இப்படி மாட்டிவைக்க முடியும். கணக்கில் வெளிப்படைத்தன்மை என்று நாங்களும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம்.

மறுபடி எங்கள் குழு

2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு வழக்கில் சொன்னது: உறுப்பினர் போடும் ஆட்சேபகரமான பதிவுக்கு, பொதுவான திட்டம் எதுவும் இல்லாதபோது, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பாக மாட்டார்; சேர்ப்பது, நீக்குவது என்பதைத் தவிர அவருக்கும் மற்ற உறுப்பினருக்கும் வித்தியாசம் இல்லை. அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் யோசித்தால், சேர்ப்பதும் நீக்குவதும்தானே ஜோஃபீட்பேக்கின் கையில் இருந்ததும்?

ஜனவரியில் ஒரு நாள் நள்ளிரவு எங்கள் குழுவின் ‘சும்மா ஒரு சந்தேகம்’காரரை நான் நீக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் எழுதியது ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றி; ரசீதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலையில் பதினான்கு பேர் தனியாக நன்றி அனுப்பினார்கள். குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கீழ்த்தளத்து மாமா மட்டும் லிஃப்டில் பார்த்து, “செஞ்சது சரி தம்பி. ஆனா நாளைக்கு நான் ஏதாச்சும் கேட்டா?” என்றார்.

அந்த வாரமே மூன்று அட்மின்களும் உட்கார்ந்து நான்கு வரி எழுதினோம். ஒருவரை நீக்க இரண்டு அட்மின் சம்மதம் வேண்டும், என்ன செய்தியால் நீக்கினோம் என்று குழுவில் சொல்ல வேண்டும், நீக்கியது ஒரு மாதத்துக்குத்தான், கணக்குக் கேள்விகள் குழுவுக்கு வராமல் மாதக் கூட்டத்தின் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நாலாவதுதான் வேலை செய்தது. பேனா பிடித்துப் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும் என்றதும் ‘சும்மா ஒரு சந்தேகம்’ பாதியாகக் குறைந்துவிட்டது.

மாதம் முடிந்து அவரைச் சேர்த்துவிட்டோம். முதல் கூட்டத்துக்கு வந்தார். நோட்டில் ஒரு கேள்வி எழுதினார்: நவம்பரில் லாரி ஆறு நடை வந்ததாகக் கணக்கு, ரசீது ஐந்துதானே இருக்கிறது? எடுத்து எண்ணிப் பார்த்தோம். ஐந்துதான் இருந்தது.